தப்பி ஓடினால் நோயா?

கேள்வி: அடிமைகளை விலைக்கு வாங்கியவர்கள் ஞாயிறுதோறும் சர்ச்சுக்கும் போனவர்கள்தானே? மனசாட்சிக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டார்கள்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: நான் முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன். அமெரிக்கப் பாடம் வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும். அந்த நாட்டை மட்டும் வைத்தே சொல்கிறேன், அம்மா.

முதலில் சொன்ன காரணம், ‘இவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை’ என்பது. சரி, அடிமைகள் ஞானஸ்நானம் பெற ஆரம்பித்தால்? 1667இல், அப்போது ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவின் சட்டசபை, ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று சட்டம் போட்டது. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று 1662லேயே எழுதிவிட்டார்கள். எஜமானுக்குப் பிறந்த பிள்ளைக்கும் அதே கதிதான். மதம் கைவிட்ட இடத்தில் தோலின் நிறம் காரணமாகிவிட்டது.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய, பிறகு அதிபரும் ஆன ஜெஃபர்சன், தன் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார். 1820இல் ஒரு கடிதத்தில், ஓநாயின் காதைப் பிடித்திருக்கிறோம், வைத்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்று எழுதினார். நம் ஊர்ப் புலிவால் கதைதான். தவறு என்று தெரிந்தே விடாமல் இருந்ததை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் பருத்தி வந்தது. 1793இல் விட்னி என்பவர் செய்த இயந்திரம் பஞ்சிலிருந்து கொட்டையைச் சுலபமாகப் பிரித்தது. பருத்தி விளைச்சல் பெருகப் பெருக, வயலுக்கு ஆள் தேவையும் பெருகியது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் சுமார் 40 லட்சம். பேச்சும் மாறியது. 1837இல் கால்ஹூன் என்ற தெற்கு மாநில அரசியல்வாதி, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் எழுந்து, அடிமைமுறை தீமையே இல்லை, நன்மை என்றார்.

1851இல் மருத்துவமும் வந்து சேர்ந்தது. லூசியானாவில் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு நோய் என்று எழுதி, அதற்கு ‘டிராப்டோமேனியா’ என்று பெயரும் வைத்தார். அது வராமல் தடுக்க அவர் சொன்ன வழிகளில் சவுக்கடியும் உண்டு. இதை நடத்தும்போது ஒருமுறை பின் பெஞ்சு மாணவன், “ஓடாம இருந்தாத்தானே சார் நோய்?” என்றான். அதற்குமேல் அன்று என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

1861 மார்ச்சில், தெற்கு மாநிலங்கள் பிரிந்து அமைத்த அரசின் துணை அதிபர் ஸ்டீபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று சவானா நகரில் வெளிப்படையாகப் பேசினார். வடக்கு மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்றபின் அதே மனிதர் புத்தகம் எழுதினார். சண்டை அடிமைமுறைக்காக நடக்கவில்லையாம், மாநில உரிமைக்காக நடந்ததாம்.