மாயன் மொழி ஆய்வும் ஸ்பானியமும்

அன்பருக்கு வணக்கம். மெக்சிகோ, குவாத்தமாலா பகுதிகளில் பேசப்படும் மாயன் மொழிகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்பும் தாங்கள், ஸ்பானியம் தெரியாததால் ஆங்கில நூல்களை மட்டுமே கொண்டு ஆய்வேட்டை முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம்.

மொழியியலாளர் டெரன்ஸ் காஃப்மனின் (1937–2022) வாழ்க்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் பேசப்படும் செல்டால் என்ற மாயன் மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து 1963இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1970களில் குவாத்தமாலாவின் பிரான்சிஸ்கோ மரோக்கின் மொழியியல் திட்டத்தில், மாயன் மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே மொழியியல் கற்பித்தார். தம் மொழிக்குத் தாமே அகராதியும் இலக்கணமும் எழுதக்கூடியவர்கள் அங்கிருந்து உருவானார்கள். அவர்கள் எழுதியவை பலவும் ஸ்பானியத்திலேயே உள்ளன. அவற்றைப் படிக்காமல் எழுதும் ஆய்வேடு, அம்மக்களின் குரலைக் கேட்காத ஆய்வேடாகிவிடும் என்பதே என் கவலை.

நூல்களைப் படிப்பதோடு காதும் பழக வேண்டும். குவாத்தமாலாவில் பேசப்படும் கிச்சே என்ற மாயன் மொழியில் 'கக்' என்றால் சிவப்பு. அதன் முதல் ககரத்தைக் குரல்வளையை மூடி வெடிப்பாக ஒலித்தால், அது தெள்ளுப்பூச்சியைக் குறிக்கும் வேறு சொல். பேசுபவரின் எதிரில் அமர்ந்தால்தான் இவ்வேறுபாடு பிடிபடும்.

ஆகவே ஓராண்டு ஸ்பானியம் படித்துவிட்டு, ஒரே ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டு தொடங்குங்கள்.