வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்கிறேன்; வாங்கத் தூண்டும்படி செய்தி எழுதுவது எப்படி?

‘சூப்பர் கலெக்‌ஷன், அருமையான தரம்’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள்; எல்லாரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். வாங்குபவர் மனதில் ஓடுவது வேறு: சாயம் போகுமா, ரவிக்கைத் துணி உண்டா, கூரியர் எவ்வளவு? அதற்குப் பதில் எழுதுங்கள். ‘கையால் முடிச்சுப் போட்ட மதுரைப் பருத்திச் சேலை, ஐந்தரை மீட்டர், முதல் இரண்டு சலவை தனியாக’ என்றால் நம்பிக்கை வரும். அச்சடித்த சுங்குடி என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேலை திரும்பி வருவது குறையும்.

அப்புறம், பத்துச் சேலை கையில் இருக்கும்போது ‘கடைசி ஒன்று’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. விலையைச் செய்தியிலேயே போடுங்கள். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்றால் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.