தியானம் செய்தால் முடிவெடுக்கும் தெளிவு வருமா? என் நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன்

கேள்வி: தினமும் தியானம், பூஜை என்று இருப்பவர்களுக்கு அன்றாட வாழ்க்கையில் தெளிவாக முடிவெடுக்க அது உண்மையிலேயே உதவுகிறதா? சொந்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

உதவியிருக்கிறது. ஒன்றரை லட்சம் ரூபாய் நட்டமும் ஆகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

நான் குமாரபாளையத்துக்காரன். பன்னிரண்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். பாவும் ஊடையும், அதாவது நீளவாட்டு நூலும் குறுக்கு நூலும், வியாபாரி கொடுப்பார், மீட்டருக்கு இத்தனை என்று எங்களுக்குக் கூலி. 2014இல் ஒரு வியாபாரி ஆறு மாதக் கூலியை இழுத்தடித்தார். தூக்கம் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கணக்கு நோட்டைப் புரட்டுவேன், புரட்டினால் பணம் வந்துவிடுமா என்ன? பக்கத்துத் தறிப்பட்டறைக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சியும் தியானமும் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றத்துக்குக் கூட்டிப் போனார்.

சாமியார், ஆசிரமம் என்றாலே எட்டி நிற்கிறவன் நான். ஆனால் இதை ஆரம்பித்த வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்து, தானே தறி நெய்தவர் என்று சொன்னார்கள். மனைவி, குடும்பம் என்று இருந்தவர். தறிக்காரர் சொன்னது தறிக்காரனுக்குப் புரியும் என்று போய் உட்கார்ந்தேன்.

முதலில் உடற்பயிற்சி, பிறகு ஆக்கினை தவம். தியானத்தைத்தான் அங்கே தவம் என்பார்கள். புருவ நடுவில் கவனத்தை வைத்து உட்கார வேண்டும். தலை பாரமாக இருந்தால் சாந்தி தவம், அதாவது கவனத்தை முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கிவிடுவது. இதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஒளி தெரிந்தது, உடம்பு மிதந்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு முதல் மூன்று மாதம் கொசுதான் தெரிந்தது.

அப்புறம் மெதுவாக ஒன்று பிடிபட்டது. அதைத் தறியை வைத்துச் சொன்னால்தான் எனக்கு வரும். விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறியைத் தானாக நிறுத்த, முள்கரண்டி மாதிரி ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது கெட்டுப்போனால் ஊடை அறுந்தது தறிக்குத் தெரியாது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கும், சத்தமும் அதே சத்தம், தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதமாக ஓடுகிற மாதிரி இருக்கும். துணி மட்டும் விழாது. ராத்திரி இரண்டு மணிக்கு என் மண்டை ஓடியது அப்படித்தான். தவம் எனக்கு அந்தக் கம்பியைச் சரிபண்ணிக் கொடுத்தது. வெறுமனே ஓடுகிறது என்று தெரிந்ததும் நிறுத்த முடிந்தது. அவ்வளவுதான். நின்ற தறியில் எந்த நூலைப் போட்டு என்ன நெய்வது என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது. இதை நான் அப்போதே யோசித்திருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

2016 ஜூலை. பைபாஸ் பக்கத்தில் சைட் போடுகிறார்கள், இன்னும் ஒரு வருஷத்தில் விலை இரண்டு பங்காகும் என்று தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னார். மறுநாள் காலைத் தவம் ரொம்ப நன்றாக அமைந்தது. கண்ணைத் திறக்கும்போது அந்த இடம் மனதில் பளிச்சென்று வந்தது, கூடவே ஒரு நிறைவு. எனக்குச் சந்தேகமே இல்லை, இது உத்தரவு.

வீட்டில் மனைவி கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, அப்ரூவல் இருக்குதான்னு கேட்டீங்களா?"

"மனசுக்கு நல்லதாப் படுது. குறுக்க பேசாத" என்றேன். எதிர்மறை எண்ணம் எங்கள் வீட்டில் எப்படி நுழைந்தது என்று அன்றைக்கு வருத்தப்பட்டது கூட ஞாபகம் இருக்கிறது.

மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று தடை போட்டது. எங்கள் சைட்டுக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை, அங்கீகாரம் கிடையாது. பதிவும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அரசாங்கம் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதற்குள் சைட் போட்டவர்களுக்குள்ளேயே சண்டை வந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நான்கு வருஷம் நடையாய் நடந்து பாதிப் பணம் வாங்கினேன்.

நீதிமன்றத் தடையை யாரும் முன்கூட்டியே கண்டிருக்க முடியாது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முக்காலமும் தெரிய வேண்டியதில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்போது தவம் செய்ததே இல்லை.

மன்றத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய், தவத்தில் வந்தது எப்படிப் பொய்க்கும் என்று குறைப்பட்டுக்கொண்டேன். சிரித்தார். "தவத்துல மனசு அடங்கும். அடங்குன மனசுல எதைப் போட்டாலும் ஆழமா எறங்கும். நீங்க சைட்டைப் போட்டுருக்கீங்க, சைட்டு எறங்கிருச்சு" என்றார். அப்புறம், "அகத்தாய்வு வகுப்புக்கு வந்தீங்களே, அந்த நோட்டு எங்கே?" என்று கேட்டார்.

அந்த நோட்டு அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. மனவளக்கலையில் கண்ணை மூடுகிற பாதி ஒன்று, கண்ணைத் திறந்து தன்னைத்தானே ஆராய்ந்து எழுதுகிற பாதி ஒன்று, அதுதான் அகத்தாய்வு. பெரும்பாலான பேர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம், அதில்தான் சுகம். எழுதுவது பரீட்சை மாதிரி இருக்கிறது.

ஆசையை ஒழிக்கச் சொல்வதில்லை, சீரமைக்கச் சொல்கிறார்கள். ஆசைகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டம் போட வேண்டும். இது தேவைதானா? நிறைவேற்றிக்கொள்ள வசதியும் சக்தியும் இருக்கிறதா? நிறைவேறினால் விளைவு என்ன? கேட்க அல்பமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. சைட் விஷயத்தைப் பழைய தேதி போட்டு, சும்மா ஒரு பயிற்சிக்காக எழுதிப் பார்த்தேன். முதல் கட்டத்திலேயே பேனா நின்றது. எனக்கு வீடு இருக்கிறது. தறிக்கு இடம் இருக்கிறது. தேவை என்று எழுத ஒன்றுமில்லை.

எண்ணம் ஆராய்தல் என்று இன்னொரு பயிற்சி. ஓர் எண்ணம் எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பது. தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டல், கருவமைப்பு, தெய்வீகம் என்று ஆறு காரணம் சொல்வார்கள். கருவமைப்பு என்பது பரம்பரையாக வந்த பதிவு. இந்தப் பட்டியலில் கடைசிப் பெட்டி ரொம்ப ஆபத்தானது. சுகமான எண்ணம் எது வந்தாலும் கை தானாக அதில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். இரண்டு மாதம் எழுதிய பிறகு எண்ணிப் பார்த்தேன். நான் தெய்வீகம் என்று குறித்து வைத்தவை பதினொன்று. அதில் ஒன்பது பணம் சம்பந்தப்பட்டவை. கடவுளுக்கு என் வரவு செலவில் இவ்வளவு அக்கறை இருக்காது என்று அன்றைக்கு அந்தப் பெட்டியை மூடினேன். மன்றத்தில் உள்ளவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

அதன்பிறகு இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். தவத்திலிருந்து எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, பணம் அனுப்புவதில்லை. கோபமாக இருக்கும்போது முடிவெடுக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ரொம்ப அமைதியாக இருக்கும்போதும் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். இன்னொன்று, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செலவு எதுவானாலும் நோட்டில் கட்டம் போட்டு மனைவியிடம் காட்டிவிடுவேன். அவள் சமையலறையில் நின்றுகொண்டே படித்துவிட்டு ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். பாதி ஆசை அங்கேயே முடிந்துவிடும்.

2019இல் பழைய தறிகளைத் தள்ளிவிட்டுக் கடன் வாங்கி, நாடா இல்லாமல் ஓடும் ரேப்பியர் தறி போடலாம் என்று ஓர் ஆசை வந்தது. எழுதிப் பார்த்தேன். எங்கிருந்து கிளம்பியது என்ற இடத்தில், யோசிக்காமலே பிறர் மனத்தூண்டல் என்று எழுதினேன். என் பங்காளி போட்டிருந்தான், அவ்வளவுதான். தவணைக் கணக்கும் இடித்தது. விட்டுவிட்டேன். மறு வருஷம் கொரோனா வந்து தறியெல்லாம் நின்றபோது எங்கள் மன்றத்தில் சிலர், "பாத்தீங்களா, தவத்தோட பலன்" என்றார்கள். கொரோனா வரும் என்று எனக்கு எந்தத் தவமும் சொல்லவில்லை. அதே 2019இல் கடன் வாங்கி ரேப்பியர் போட்டவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு என்னைவிட நன்றாக இருக்கிறார்கள். கையிலிருந்த கணக்கை வைத்து நான் யோசித்த விதம் சரி. விளைவு நன்றாக அமைந்தது அதிர்ஷ்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடுத்த சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ரொம்ப நாள் ஆகாது.

சினம் தவிர்த்தல் பயிற்சி பற்றியும் கொஞ்சம். யார் மேல், எத்தனை முறை, எதற்காகக் கோபம் வந்தது என்று எழுதச் சொன்னார்கள். பட்டியலில் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போன தறி ஓட்டுகிறவர்தான் முதலில் இருப்பார் என்று நினைத்தேன். பத்து நாளில் அவருக்கு ஒரே ஒரு கோடுதான். என் மகளுக்கு ஒன்பது கோடு. ஒன்பதும் போன் விஷயம், ஒன்பதும் ராத்திரி எட்டு மணிக்கு மேல், நான் பட்டறையிலிருந்து பசியோடு வந்த நேரம். வந்ததும் முதலில் சாப்பிட்டுவிட ஆரம்பித்தேன். கோடு இரண்டாகக் குறைந்தது. இதில் ஆன்மிகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, ஆனால் தவத்துக்கு உட்காரப் பழகியிருக்காவிட்டால் பத்து நாள் பொறுமையாக இதை எழுதியிருக்க மாட்டேன்.

கவலைகளையும் நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள். அனுபவித்தே தீர வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் செய்ய வேண்டியது, உடனே தீர்க்க வேண்டியது. என் கூலி பாக்கியை நான் ஆறு மாதமாக முதல் வகையில் வைத்திருந்தேன். கடைசி வகைக்கு மாற்றி, நான்கு பட்டறைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்தோம். மூன்று தவணையில் வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு வந்த நோயை இந்த நோட்டில் எழுதாதீர்கள். தவம் செய்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையைத் தானாக நிறுத்தியவர் ஒருவரை எனக்குத் தெரியும். மன்றத்தில் யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மாத்திரை டாக்டர் சொன்னபடி, தவம் அதுபாட்டுக்கு.

உங்களுக்குப் பூஜைதான் பழக்கம் என்றால் பூஜையே போதும் என்று நினைக்கிறேன். என் அம்மா தினமும் விளக்கேற்றி ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் நிற்பார். பெரிய விஷயம் எதுவானாலும், "வெள்ளிக்கிழமை வெளக்கு வெச்சுட்டுச் சொல்றேன்" என்பார். நாங்கள் மூட நம்பிக்கை என்று கிண்டல் செய்வோம். வெள்ளிக்கிழமை வருவதற்குள் அவர் நான்கு பேரிடம் விசாரித்து முடித்திருப்பார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

2023இல் மகள் பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கிறேன் என்றாள். எனக்கு அவள் பி.காம். படித்துப் பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. வழக்கம்போல் நோட்டை எடுத்து, "பாப்பா பி.காம். படிக்க வேண்டும்" என்று எழுதிக் கட்டம் போட்டேன். தேவைதானா என்ற இடத்தில் நான் "ஆமாம்" என்று எழுதியதை, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில் சின்னதாக "யாருக்கு?" என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் மற்ற கட்டங்களை நான் நிரப்பவில்லை. ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன்.