வாசகர் கேள்வி – பதில்: புவிக்காந்தம் புரளப் போகிறதா?

கேள்வி: பூமியின் காந்தப்புலம் அழிந்துகொண்டு போகிறது, விரைவில் வடதுருவமும் தென்துருவமும் இடம் மாறும், அப்போது கதிர்வீச்சினால் உயிர்கள் மடிந்துவிடும் என்று யூடியூப்பில் பார்த்த மாணவர்கள் வகுப்பில் வந்து கேட்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: புலம் வலிமை குன்றி வருகிறது என்பது உண்மை, மற்றவை மிகை. புவிக்காந்தத்தின் வலிமையை அளக்கும் முறையை ஜெர்மனியக் கணிதவியலாளர் காவுஸ் 1830களில் வகுத்தார். அக்கால அளவீடுகளோடு ஒப்பிட்டால், இருமுனைப் புலம் எனப்படும் முதன்மைப் பகுதி இன்று ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்தக் குறைவு எங்கும் ஒரே சீராக இல்லை. தென்னமெரிக்காவையும் தென் அத்திலாந்திக் கடலையும் தழுவிய பரப்பில்தான் புலம் மிகவும் மெலிந்திருக்கிறது. இலங்கையில் 40,000 நானோ தெஸ்லாவை (காந்தப்புல வலிமையின் அலகு) அண்டியிருக்கும் வலிமை, அங்கே 1970இல் 24,000 ஆக இருந்து 2020இல் 22,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அங்கே கதிர்வீச்சு மிகுவதால், அப்பகுதிக்கு மேலாகச் செல்லும்போது ஹபிள் விண்தொலைநோக்கி தனது அவதானிப்பை நிறுத்திவைக்கிறது.

காரணம் நம் காலடியில் 2,900 கிலோமீற்றருக்குக் கீழே இருக்கிறது. அங்கே, பூமியின் மையக்கருவின் வெளிப்பகுதியான புற அகணியில் உருகிய இரும்பும் நிக்கலும் வெப்பத்தால் மேலெழுந்தும், பூமியின் சுழற்சியால் முறுக்குண்டும் ஓயாமல் ஓடுகின்றன. அந்த ஓட்டம் மின்னோட்டத்தை உண்டாக்க, மின்னோட்டம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. ஓட்டத்தின் போக்கு மாறும்போது புலமும் ஏறி இறங்கும். இன்றைய வேகத்திலேயே குறைவு தொடர்ந்தால்கூட, இருமுனைப் புலம் முற்றாக மறைய இன்னும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அப்படித் தொடரும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை. கடந்த பல இலட்சம் ஆண்டுகளின் சராசரியோடு பார்த்தால், இன்றைய வலிமை தாழ்ந்த நிலையில் இல்லை என்பதை அந்தக் காணொளிகள் சொல்வதில்லை.

வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுவதைப் புரள்வு என்பர்; கடைசி முழுப் புரள்வு நிகழ்ந்து ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. 41,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முறை புலம் இன்றைய வலிமையில் பத்திலொரு பங்குக்கும் கீழே வீழ்ந்து, சில நூற்றாண்டுகள் தலைகீழாக நின்று, மீண்டும் பழைய நிலைக்கே திரும்பியது. அப்போது பூமியில் மனிதர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். காந்தப்புலம் மெலிந்தாலும் நம் தலைக்கு மேல் இருக்கும் வளிமண்டலம் போய்விடுவதில்லை. 10 மீற்றர் ஆழமான நீரின் எடைக்கு நிகரான அந்தக் காற்றே விண்வெளிக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். புரள்வது காந்தப்புலமே, பூமி அன்று; நம் கிழக்குக் கரையின் கல்லடியில் சூரியன் கடலிலிருந்துதான் எழும் என்று மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவை செய்மதிகளும் மின்விநியோகமும்தான். 1989 மார்ச்சில், புலம் வழமையான வலிமையோடு இருந்தபோதே, ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரை 9 மணித்தியாலங்கள் இருளில் வைத்தது. புலம் மெலிந்தால் இத்தகைய தாக்கங்கள் கூடும்.

கேள்வி: அளப்பதற்கு யாரும் இல்லாத காலத்தில் நடந்த புரள்வை எவ்வாறு கண்டுபிடித்தார்கள்?
– உயர்தர மாணவி, கல்முனை

பதில்: நல்ல கேள்வி, விடையின் ஒரு பகுதி உங்கள் ஊர்ப்பக்கத்துச் செங்கற் சூளையிலேயே இருக்கிறது. களிமண்ணில் மகனடைற்று என்னும் இரும்புக் கனியத்தின் நுண்துணிக்கைகள் உண்டு. 580 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது அத்துணிக்கைகள் தமது காந்தத்தன்மையை இழந்துவிடும். சூளை ஆறும்போது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்த புவிக்காந்தத்தின் திசையையும் வலிமையையும் ஏற்று உறைந்துவிடும். கல்லைப் பிரித்து லொறியில் ஏற்றிச் சுவரில் வைத்ததும் திசைப் பதிவு பெரும்பாலும் பயனற்றுப் போகும், ஆனால் வலிமைப் பதிவு கல்லுக்குள்ளேயே தங்கியிருக்கும். பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் தெலியே, பழைய கல்லை ஆய்வுகூடத்தில் படிப்படியாகச் சூடாக்கி, அளவு தெரிந்த புலத்தில் ஆறவிட்டு, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு அந்த வலிமையைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். தீகவாபித் தூபியில் உள்ளது போன்ற பழங்காலச் செங்கற்களுக்கு இத்தகைய மதிப்பும் உண்டு என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்ல எரிமலைக் குழம்பு வேண்டும். 1906இல் பிரான்சில் பௌதிகவியலாளர் புரூன், ஒரு குழம்புப் பாறையும் அதன் சூட்டில் சுடப்பட்ட அடியிலிருந்த களிமண்ணும் ஒருசேர எதிர்த்திசையில் காந்தமேறியிருப்பதைக் கண்டார். பாறையின் ஏதோ தனிக்குணம் என்று ஒதுக்க முடியாதபடி, இரு வேறு பொருள்கள் ஒரே சாட்சியைச் சொல்லின. 1929இல் ஜப்பானியப் புவிப்பௌதிகவியலாளர் மதுயாமா, எதிர்த்திசைப் பாறைகள் வயதில் மூத்தவை என்று காட்டினார். கடைசிப் புரள்வு இன்றும் இவ்விருவரின் பெயராலேயே வழங்குகிறது.

அசைவற்ற நீரில் மெல்லப் படியும் சேறும் இதே பதிவைத் தாங்கும். திருக்கோவில் கடற்கரையின் கறுப்பு மணலில் காந்தத்துக்கு ஒட்டும் துணிக்கைகள் இருந்தாலும், அலை ஓயாமல் புரட்டும் மணலில் எந்தத் திசையும் நிலைப்பதில்லை.

கேள்வி: ஆழ்கடலுக்குப் பலநாட்கலத்தில் போகிறோம். காந்தத் துருவம் நகர்கிறதாமே, கொம்பாஸை நம்பலாமா? ஜி.பி.எஸ்ஸும் பிழைக்குமா?
– கடற்றொழிலாளர், வாழைச்சேனை

பதில்: நம்பலாம். 1831இல் கனடாவின் வடகோடியில் பிரித்தானியக் கடலோடி ரொஸ் கண்டறிந்த வடகாந்தத் துருவம் சைபீரியாப் பக்கமாக நகர்ந்து வருகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 50 கிலோமீற்றர் வரை ஓடியது. துருவத்தை அண்டிய கடல்களில் இது பெரிய சிக்கல். நாமோ காந்த மத்தியகோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கிறது, திசை மாற்றமும் சிறிதே. கொம்பாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானும் ஒலிபெருக்கியும் துருவத்தை விட அதிகமாக அதைப் பிழைக்க வைக்கும். ஜி.பி.எஸ். உங்கள் இடத்தைச் செய்மதிகளின் வானொலிச் சமிக்ஞையால் கணிக்கிறது; அதற்குக் காந்தம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் கரையில் முட்டையிட வரும் ஆமைகள் காந்தத்தால் வழி அறிவதாகச் சொல்கிறார்கள். புலம் புரண்டால் அவை என்ன செய்யும்?
– பொத்துவில் வாசகர்

பதில்: ஆமைகள் புலத்தின் சாய்வையும் (அது கிடையிலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதையும்) வலிமையையும் உணர்கின்றன என்பது சோதனைகளில் உறுதியானது. புளோரிடாக் கரையில் 19 ஆண்டுகள் திரட்டிய கூடுகளின் கணக்கை வைத்து 2015இல் வெளியான ஆய்வொன்று, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய காந்தக் குறிகள் கரையோரமாக நெருங்கிய இடங்களில் கூடுகள் நெருங்கியதையும், அவை விலகிய இடங்களில் கூடுகள் ஐதானதையும் காட்டியது. புலம் மெல்ல நகரும்போது ஆமையும் அதனோடு நகர்கிறது என்பதே இதன் பொருள். ஒரு புரள்வு முடியப் பொதுவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கடலாமைகளோ 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக, நூற்றுக்கும் அதிகமான புரள்வுகளினூடே முட்டையிட்டு வந்திருக்கின்றன.