கடலோர மனையில் 2 மீட்டர் மண் அடித்து உயர்த்த 9 இன்ச் சுவர் போதுமா?

தேவிபட்டினம் பக்கம் மனை, ரோட்டைவிட 2 மீட்டர் பள்ளம். சவுடு (பள்ளம் நிரப்பும் மண்) அடித்து ரோடு மட்டத்துக்கு உயர்த்தி, சுற்றி 9 இன்ச் செங்கல் காம்பவுண்டு கட்டினால் போதும் என்று கொத்தனார் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ப வேண்டாம். காம்பவுண்டு சுவர் எல்லை காட்டத்தான். மண்ணைத் தாங்க வேண்டிய சுவர் வேறு ஜாதி.

கணக்கைப் பாருங்கள். நல்ல மணல் கீழ்நோக்கி அழுத்துவதில் மூன்றில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தள்ளும். 2 மீட்டர் உயரத்துக்கு, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 1.2 டன் தள்ளல் வருகிறது. அதே நீளத்துக்கு 9 இன்ச் சுவரின் எடையே 900 கிலோதான். அந்த எடையை மட்டும் நம்பி நின்றால், சுவரைக் கவிழ்க்கும் விசை அதைப் பிடித்து நிறுத்தும் விசையைப்போல் எட்டு மடங்கு. நடுநடுவே பில்லர் போட்டால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். உயரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும் என்பதையும் மனதில் வையுங்கள். அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு அடி ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையே கூடாது.

இது காய்ந்த மணலுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுக்கத் தேங்கினால் அதே 1.2 டன் 2.6 டன்னாகிவிடும். மண் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளுகிறது. தண்ணீருக்கு அந்தச் சலுகை கிடையாது, முழுசாகத் தள்ளும். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. வெளியே நின்று சுவரை எதிர்த்துத் தாங்கிய வெள்ளம் ஒரே ராத்திரியில் வடிந்துவிடும், உள்ளே மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர் வடியாது. மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் சுவர் சாய்வது இதனால்தான்.

கீழக்கரை பக்கம் நான் மேற்பார்வை பார்த்த ஒரு மனையில் இதை நேரில் கண்டேன். வரைபடத்தில் தண்ணீர் வடிய 3 இன்ச் பிவிசி பைப்புகள் இருந்தன, சுவரிலும் வைத்திருந்தோம். காங்கிரீட் போடும்போது சிமென்ட் பால் உள்ளே இறங்காமலிருக்க ஆட்கள் சிமென்ட் சாக்கைச் சுருட்டி பைப் வாயில் திணித்திருந்தார்கள். பூச்சு வேலை முடிந்தது, சாக்கை யாரும் எடுக்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்த மழைக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் உச்சியில் 4 சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தது. ஒரு சாக்கை கம்பியால் குத்தி இழுத்தேன். செம்மண் நிறத் தண்ணீர் கை நீளத்துக்குப் பீய்ச்சி அடித்தது. சாயங்காலம் வரை ஓடியது. சாய்ந்த சுவர் திரும்பி வரவில்லை, ஒரு பகுதியை இடித்துத்தான் கட்டினோம். இன்னொரு தப்பும் அப்போது தெரிந்தது: பைப்புக்குப் பின்னால் வடிகட்டி இல்லாததால் தண்ணீரோடு மணலும் போய், மேலே பதித்த கல் தரை அமுங்கியது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஃபுட்டிங்கோடு (அடியில் அகலமான அடித்தளம்) சேர்ந்த ஆர்.சி.சி. (கம்பி போட்ட காங்கிரீட்) தாங்குசுவர் கட்டுங்கள். ஃபுட்டிங் அகலம் மொத்த உயரத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை வரும். அதில் பெரும்பகுதி மண் பக்கம் நீள வேண்டும். அப்போது அடித்த மண்ணே அதன்மேல் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். கடலோரத்தில் கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கம்பிக்கு 50 மி.மீ. கவர் (கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட் கனம்) விடுங்கள். உப்புக்காற்றில் 25 மி.மீ. கவர் பிளாக் வைத்துக் கட்டிய சுவர்கள் சீக்கிரமே வெடித்துக் கம்பி தெரிவதை நம் ஊரில் எத்தனையோ இடத்தில் பார்க்கலாம்.

சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. ஒன்றரை மீட்டருக்கு ஒரு பைப், வெளித் தரைக்குச் சற்று மேலே. பக்கத்து மனைக்காரர் தன் பக்கம் தண்ணீர் வரக் கூடாது என்று சண்டைக்கு வரலாம், அதுவும் நியாயம்தான். அந்தப் பக்கத்தில் பைப்புக்குப் பதிலாகச் சுவரை ஒட்டி உள்ளேயே துளையிட்ட குழாயை ஜல்லிக்குள் படுக்க வைத்து, சாய்வு கொடுத்து, அண்டை மனை இல்லாத பள்ளமான பக்கத்தில் வெளியேற்றுங்கள்.

அடிக்கிற மண்ணில் கவனம் வேண்டும். சவுடு என்று சொல்லி கண்மாய்க் கரம்பையை (களிமண்) கொட்டிவிடுவார்கள், விலையும் குறைவு. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், தண்ணீரை விடாது. ஒரு கைப்பிடி எடுத்து நனைத்து உருட்டுங்கள். பாம்பு மாதிரி நீளமாகத் திரண்டு வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். கடற்கரை மணலும் வேண்டாம், சட்டப்படியும் தப்பு, உப்பு கம்பியைத் தின்னும். 20 சென்டிமீட்டர் கனத்தில் ஒவ்வொரு படையாக நனைத்துக் கெட்டிக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குள் ஜேசிபி, ரோலர் எதுவும் வரக் கூடாது, கையால் தள்ளும் பிளேட் வைப்ரேட்டர் போதும்.

ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலையைப் போட்டு மண்ணையே வலுப்படுத்தலாமா என்றும் கேட்டீர்கள். 1960களில் பிரான்சின் ஆன்றி விதால் கொண்டுவந்த முறையின் வாரிசு அது. மேம்பாலத்துக்கு ஏறும் ரோட்டின் இருபுறமும் பலகை பலகையாக நிற்கும் சுவர்கள் அந்த வகைதான். பிளாஸ்டிக் வலை துருப்பிடிக்காது என்பதால் கடலோரத்துக்கு ஏற்றது. ஆனால் அந்த வலை உயரத்தில் 0.7 பங்குக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும். நாளைக்கு செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினால் வலையை அறுத்துவிடுவார்கள். வீட்டு மனைக்கு நான் போட மாட்டேன்.

பின்பக்கம் இடம் இருந்தால் அங்கே சுவரே வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் இறங்க இரண்டு மீட்டர் நீளம்) என்று சரிவாக விட்டு, அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் வைத்துவிடுங்கள், மணலைப் பிடித்துக்கொள்ளும். 4 மீட்டர் இடம் போகும், செலவு நன்றாகக் குறையும்.

அப்புறம், கடைசிப் பணம் கொடுக்கும் முன் ஒரு நீளக் கம்பியை எடுத்து ஒவ்வொரு பைப்பிலும் விட்டுப் பாருங்கள். உள்ளே ஜல்லியில் முட்டும் சத்தம் கேட்க வேண்டும்.