பாதியில் நின்ற வீடு: புது ஆள் கை வைக்கும் முன் அளவு எடுங்கள்

கேள்வி: திருச்சி பக்கம் சொந்த மனையில் 1,600 சதுர அடி வீடு. சதுர அடி 2,200 ரூபாய் என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம். பத்து மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன கான்ட்ராக்டர் பதினாறு மாதமாக இழுத்தடித்தார். 29 லட்சம் வாங்கிவிட்டார், அதில் இரண்டு தவணை கெடு முடிந்த பிறகு கொடுத்தது. கூரை கான்கிரீட்டும் பாதி உள்பூச்சும்தான் முடிந்திருக்கிறது, அதிலும் விரிசல். சம்ப், காம்பவுண்ட் சுவர், பேஸ்மென்ட் உயரம் கூட்டியது என்று இன்னும் 3.8 லட்சம் கேட்கிறார். கோபத்தில் "நாளையிலிருந்து வராதீங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, கேட்டைப் பூட்டிவிட்டேன். அவருடைய மிக்ஸர் மெஷினும் சென்ட்ரிங் தகடுகளும் உள்ளேதான் இருக்கின்றன. நடந்த வேலை 26 லட்சம்தான் பெறும் என்கிறார் எங்கள் எஞ்சினியர். மீதியை முடிக்க 11.5 லட்சம் கேட்கும் புது கான்ட்ராக்டர் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறார். கிரகப்பிரவேசம் நின்றதில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. மோசடிப் புகார் கொடுக்கலாமா? ரெராவுக்குப் போகலாமா? 12 லட்சம் நஷ்டஈடு கிடைக்குமா?

பதில்: முதலில் திங்கட்கிழமை வேலையை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் யாரிடமும் வீடு வாங்கவில்லை, சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டினீர்கள். மோசடிப் புகாரும் நிற்காது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி. கூரை வரை கட்டிக்கொடுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதாக சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், இரண்டு தடவை கூப்பிட்டுப் பேசுவார்கள், அவ்வளவுதான். நீங்கள் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட அளவிலேயே முடியும்.

தாமதத்துக்கு நஷ்டஈடு என்று கேட்கிறீர்கள். கெடு முடிந்த பிறகும் இரண்டு தவணை கொடுத்திருக்கிறீர்கள். அப்போது "தாமதத்துக்கான நஷ்டத்தைத் தனியாகக் கேட்பேன்" என்று ஒரு வரி எழுதினீர்களா? எழுதவில்லை என்றால் ஒப்பந்தச் சட்டம் 55-ஆம் பிரிவை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவார்: தாமதத்தை ஏற்றுக்கொண்டவர் அப்போதே சொல்லி வைக்காவிட்டால் பிறகு அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது. அம்மாவின் உடல்நிலை எனக்கும் வருத்தம்தான். ஆனால் மன உளைச்சல் என்ற தலைப்பில் ஆணையம் ஏதோ கொஞ்சம் போடும். 12 லட்சக் கணக்கை அது தாங்காது.

உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றுதான்: அவர் வெளியே போன அன்று கட்டடம் எந்த நிலையில் இருந்தது, அந்த வேலையின் மதிப்பு என்ன?

இதற்கான பதில் இப்போது செங்கல்லும் சிமெண்டுமாக உங்கள் மனையில் நிற்கிறது. புது ஆள் பூச்சை முடித்து, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்துவிட்டால் அது போய்விடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் குடியேறிய பிறகுதான் வருகிறார்கள். கையில் ஐம்பது போட்டோ இருக்கும். எதில் எந்தச் சுவர் என்று அவர்களுக்கே தெரியாது. எதிரே பழைய கான்ட்ராக்டர் நின்று, "உள்பூச்சு முழுக்க நான்தான் முடித்தேன், விரிசல் புது ஆள் வேலையில் வந்தது" என்பார். மறுக்க ஆதாரம் இருக்காது. அந்த நிலையில், நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைப் போட்டு என்ன பயன்? முடிந்த வீட்டைத்தான் அவர் பார்த்துவிட்டு வருவார்.

உங்கள் எஞ்சினியர் சொல்லும் 26 லட்சமும் இப்போதைக்கு வெறும் பேச்சு. நீங்கள் காசு கொடுத்து அழைத்த ஆள், எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் எடுத்த அளவு. அதனால் இந்த வாரமே ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் நோட்டீஸ் அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் கூட்டாக அளவு எடுக்கிறோம், வராவிட்டால் நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று. வந்தால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்குங்கள். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனுவைத் தாக்கல் செய்து, கூடவே எஞ்சினியர் துணையோடு அட்வகேட் கமிஷனர் கேட்டு அவசர மனுவும் போட வேண்டும். கமிஷனர் வந்து பார்க்கும் வரை ஒரு கரண்டி கலவை கூட விழக்கூடாது. இரண்டு மாதம் வாடகை கூடும்தான், கூடட்டும்.

விரிசல் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடும் விரிசலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பூச்சைக் கொத்திப் பார்த்து, உள்ளே செங்கல்லிலோ பீமிலோ தொடர்கிறதா என்று அதே நாளில் பதிவு செய்யுங்கள்.

மிக்ஸரையும் தகடுகளையும் பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கி உடனே திருப்பிக் கொடுங்கள். பிடித்து வைத்தால் அவர் மடங்குவார் என்று நினைக்கிறீர்கள். நாள் வாடகை கணக்குப் போட்டு உங்களிடமே கேட்பார், நல்ல நியாயமும் அவர் பக்கம் போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொடுத்தது 29, புது ஆளுக்கு 11.5, மொத்தம் 40.5 லட்சம். ஒப்பந்தத் தொகை 35.2. எனவே உங்கள் நஷ்டம் அதிகபட்சம் 5.3 லட்சம். இதில் சம்பும் சுவரும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்து, நீங்கள் அதை அனுபவித்தால் பணம் கொடுத்தாக வேண்டும். அது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு. "சம்பும் போட்டுடுங்க" என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அவர் போனில் இருக்கும். அவர் கேட்கும் 3.8 நியாயமான விலைப்படி 2.5 ஆகக் குறைந்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது 2.8 லட்சம். அதிலும் புது ஆளுக்குக் கூடுதலாகப் போகும் 2.3 லட்சம் (35.2-இல் 26 போக மீதி வேலை 9.2, அவர் கேட்பது 11.5), ஒப்பந்தத்தை முறித்தது பழைய கான்ட்ராக்டர்தான் என்று நிரூபித்தால்தான் கிடைக்கும். "நாளையிலிருந்து வராதீங்க" என்று எழுதியவர் நீங்கள். அந்த ஒரு வரியைச் சமாளிக்கத்தான் உங்கள் வக்கீலுக்குப் பாதி நேரம் போகும்.

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன்: பேசி முடியுங்கள். கூட்டு அளவு கையில் இருந்தால் அவரும் இறங்கி வருவார். ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் யாரும் தர வேண்டியதில்லை என்று முடிந்தாலும் நஷ்டமில்லை. சமரசப் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மொட்டையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்த மழையில் கூரை ஒழுகினால் அந்த வாசகமே உங்களைத் தடுக்கும். கான்கிரீட், கம்பி வேலையில் பின்னால் தெரியவரும் குறைகளுக்கு அவர் பொறுப்பு தொடரும் என்று தனி வரி வேண்டும். வரைபடம், சிமெண்ட் மற்றும் கம்பி பில்கள், தற்காலிக மின் இணைப்புக் காகிதங்கள் எல்லாவற்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

பேச்சு இழுத்தாலும் வழக்கு தொடுக்கும் உங்கள் கெடு நீளாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் இருக்கும் போனை அதுவரை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.