ஜெபக்குறிப்பு போட்டு மூன்று வாரமாகியும் வீட்டுக்கு யாரும் வரவில்லை என்றால்

அம்மாவுக்குப் புற்றுநோய், ஜெபிக்கச் சொல்லி கோயில் பெட்டியில் ஜெபக்குறிப்புச் சீட்டு போட்டும் யாரும் வரவில்லை, ஆனால் நோய் ஊருக்குத் தெரியவும் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். ஆயருக்கு (சபைப் போதகருக்கு) நேரடியாக போன் செய்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு வந்து ஜெபிக்க வேண்டும்" என்று கேளுங்கள். புற்றுநோய் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வேதாகமத்தில் யாக்கோபு 5:14-இல்கூட நோயாளிதான் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

யாரும் வராதது அலட்சியத்தால் இருக்காது என்று நினைக்கிறேன். பெட்டியில் போடும் சீட்டை ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிப்பதோடு பல சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் முடித்துவிடுவார்கள். சீட்டில் முகவரியும் போன் எண்ணும் எழுதினீர்களா? ஆயருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியாரிடம் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.

ஊருக்குத் தெரியக்கூடாது என்கிறீர்கள். அப்படியானால், "ஆராதனையில் அறிவிக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் அப்பா விஷயத்தில் நாங்கள் இதைச் சொல்லாமல் விட்டோம். அடுத்த ஞாயிறு ஆளாளுக்கு விசாரிக்க, அவர் கோயிலுக்குப் போகவே தயங்கினார்.

கீமோ நடப்பதால் அம்மாவுக்குத் தொற்று எளிதில் வரும். இரண்டு மூன்று பேர் வந்தால் போதும், சளி காய்ச்சல் உள்ளவர்கள் வேண்டாம். அப்புறம், விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.